தக்ளியும் பூனையும்

நூல் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. தைக்கவும் நெய்யவும் பயன்படும் இழையும் நூல். கற்றோர் இயற்றும் ஏடும் நூல். இவ்வொற்றுமை தற்செயலானதன்று என்பதைப் பவணந்தி முனிவர் தம் நன்னூலில் விளக்கியிருக்கிறார். சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் அவர் உவமிக்கிறார். இவ்வுவமை அந்நாளில் எவருக்கும் எளிதில் விளங்கியிருக்கும். ஏனெனில் நூற்கும் பெண்ணைக் காணாத தெரு அக்காலத்தில் இருந்திராது. இன்றோ, கதிர் என்பது பஞ்சை முறுக்கி நூலாக்கும் மெல்லிய தண்டு என்று மாணவருக்கு முதலில் விளக்கியாக வேண்டும்.

வாசக அன்பர்களே, இம்மாதம் நம் இல்லங்களில் மீண்டும் தலைகாட்டத் தொடங்கியிருக்கும் கைந்நூற்பைக் குறித்துச் சிந்திப்போம். பிள்ளைகள் பிரான்சிலும் வேறு நாடுகளிலும் வாழ, முதியவர் ஒருவரும் பூனை ஒன்றுமே எஞ்சியிருக்கும் வீடுகள் நம் புதுச்சேரி நகரில் உண்டு. அத்தகைய வீடுகளில் தக்ளி ஒரு நல்ல துணை. ஆயினும் நூலும் பூனையும் ஒரே அறையில் இருக்கும்போது அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உள. அவற்றுள் ஒன்று உயிர் காக்கும் செய்தியாதலின், இக்கட்டுரையை இறுதிவரை படித்தருள வேண்டுகிறோம்.

பழந்தமிழரின் பருத்திப் பெண்டிர்

நூற்கும் பெண்ணும் பூனையும் சேர்ந்து தோன்றும் காட்சி நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 326-ஆம் பாடலில் அது வருகிறது. இரவு வேளை. வெருகு எனப்படும் காட்டுப்பூனை வேலியோரம் பதுங்கி வருகிறது. இளம் பெட்டைக்கோழி ஒன்று உயிர் நடுங்கிக் கதறுகிறது. அதே வீட்டில், பஞ்சிலுள்ள தூசியையும் குப்பையையும் அடித்து நீக்குவதற்காகப் பருத்திப் பெண்டு ஒருத்தி எழுந்து சிறுவிளக்கை ஏற்றியிருக்கிறாள். அவ்வொளியில் கோழி தன் சேவலைக் கண்டு அச்சம் தணிகிறது. புலவர் அவளது பெயரைக் கூறவில்லை. ஆயினும் ஊர் உறங்கும் வேளையிலும் அவள் உழைத்துக் கொண்டிருந்தாள் என்பதை நாம் அறிகிறோம்.

அவள் ஏன் அந்நேரத்தில் விழித்திருந்தாள்? நற்றிணையின் 353-ஆம் பாடல் இதற்கு ஒரு குறிப்புத் தருகிறது. மலைமேல் தவழும் மேகத்திற்கு உவமையாக, ஆண் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை அப்பாடல் கூறுகிறது. கைம்பெண்டிருக்கும் தனித்து வாழ்ந்தோருக்கும் நூற்பு ஒரு பிழைப்பாக இருந்ததென்பது இதனால் புலனாகும். நிலமோ மாடோ இல்லாத பெண்ணும் ஒரு கதிரும் ஒரு படி பஞ்சும் கொண்டு உலை வைக்க முடிந்தது.

திருநூலிலும் இத்தகைய பெண்களைக் காண்கிறோம். விடுதலைப் பயண நூலின் 35-ஆம் அதிகாரத்தில், திருவுறைவிடத்திற்காகக் கைத்திறன் வாய்ந்த பெண்கள் நீலம், ஊதா, கருஞ்சிவப்பு நூல்களை நூற்றுக் கொணர்ந்தனர் என்று படிக்கிறோம். தலைமைக் கைவினைஞரான பெட்சலேல், ஒகோலியாபு ஆகிய இருவரின் பெயர்கள் அங்கே உள்ளன. நூற்ற பெண்களின் பெயர்கள் இல்லை. எனினும் அவர்களது நூல் காணிக்கையாக ஏற்கப்பட்டது. நீதிமொழிகளின் இறுதி அதிகாரம் போற்றும் இல்லத்தரசியும் கதிரைக் கையிலேந்தியவளே.

நம் நகரும் நூலும்

புதுச்சேரியின் வரலாற்றைத் துணியின்றி எழுத இயலாது. பிரெஞ்சுக் கம்பெனி இங்கே வேரூன்றியதே துணி வாணிகத்திற்காகத்தான். அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி, கினித்துணி என்னும் பெயரால் இத்துறைமுகத்திலிருந்து சென்றது. ஆப்பிரிக்காவின் செனகல் கரையில் அத்துணியைக் கொடுத்துக் கருவேலப் பிசினைப் பெற்றனர் பிரெஞ்சு வணிகர். தரகரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. அனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலே துணி பற்றிய செய்திகள் மலிந்துள்ளன. ஆனால் ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல பெண்கள் பல நாள் நூற்க வேண்டியிருந்தது. அவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகக் குறைவே.

பின்னர் இங்கிலாந்தில் நூற்பு இயந்திரங்கள் தோன்றின. ஆர்க்ரைட் என்பவர் 1769-இல் தம் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அறுபது ஆண்டுகள் கழிவதற்குள், 1820-களின் இறுதியில், புதுச்சேரியிலும் நூற்பாலை எழுந்தது. 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையை, ரோடியர் மில் என்றே மக்கள் அழைத்தனர். கைந்நூற்பு மெல்ல மறைந்தது. ஆலைச் சங்கொலிக்கு ஊர் எழுந்தது. வேலை நேரக் குறைப்பும் சங்க உரிமையும் கேட்டுப் போராடிய தொழிலாளருள் 12 பேர் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். அடுத்த ஆண்டில், 1937-இல், எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ரோடியர் மில் 2020-இல் மூடப்பட்டது. அவ்வாலையில் உழைத்தோர் குடும்பங்கள் இன்றும் நம் பங்குகளில் உள்ளன.

நூல் கொண்டு செய்யும் வேறொரு பணி நம் நகரில் அணையாமல் இருக்கிறது. அருளாளர் ஆன் மரி ஜவுகே 1807-இல் நிறுவிய குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1827-இல் புதுச்சேரிக்கு வந்தனர். ரோமன் ரோலந்து தெருவிலுள்ள அவர்களது பூத்தையல் இல்லத்தில், வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் மேசை விரிப்புகளிலும் கைக்குட்டைகளிலும் பூவேலை செய்து தம் குடும்பத்தைத் தாங்கி வருகின்றனர். ஊசியும் நூலும் ஒரு பெண்ணுக்குத் தன்மானத்தோடு சோறளிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஏன் நூற்க வேண்டும்?

கடையில் நூற்கண்டு மலிவாகக் கிடைக்கும்போது ஏன் இந்த வீண் வேலை என்று இளையோர் வினவுவர். நியாயமான வினாவே. இதற்கு ஒரு சிறு கணக்கைக் காட்டலாம்.

அங்குலத்திற்குப் பாவு 40, ஊடை 40 என்னும் அளவில் நெய்த துணியை எடுத்துக் கொள்வோம். அதில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3,150 மீட்டர் நூல் செல்லும். ஐந்தரை மீட்டர் நீளமும் 1.15 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சேலைக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நூல் வேண்டும். புதுச்சேரியிலிருந்து புறப்பட்டால் கடலூரை நெருங்கிவிடும் தொலைவு இது! தக்ளியில் மணிக்கு 100 மீட்டர் நூற்பவர் ஒரு சேலைக்கு நூல் சேர்க்க 200 மணி நேரம் அமர வேண்டும். நெசவு அதற்குப் பிறகுதான். நம் அலமாரியில் மடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு துணியும் யாரோ சிலருடைய உழைப்பு என்று பலமுறை கேட்டிருக்கிறோம். பத்து மீட்டர் நூற்றுப் பார்த்தால் அதை நம் விரல்களே நமக்கு உணர்த்திவிடும்.

அன்றியும், நூற்பு மனத்தை ஒருமுகப்படுத்தும். கவனம் சிதறிய இடத்தில் நூல் தடிக்கும் அல்லது அறும். கையும் கண்ணும் ஒன்றிச் செய்யும் இவ்வேலையில், தனிமையிலுள்ள முதியவருக்குப் பொழுது பயனுள்ளதாகக் கழியும். மாலையில் தாம் செய்து முடித்த ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டவும் முடியும்.

தொடங்கும் முறை

தக்ளி என்பது சாண் நீளமுள்ள மெல்லிய கம்பி. அதன் கீழ்ப்பகுதியில் பித்தளை வட்டு. உச்சியில் சிறு கொக்கி. பஞ்சில் கொட்டை நீக்கி, அடித்துப் பன்னி, விரல் பருமனுக்குச் சுருட்டியதைப் பட்டை என்பர். பட்டையின் நுனியைக் கொக்கியில் மாட்டி, வலக்கையால் தக்ளியைச் சுழற்றி, இடக்கையால் பட்டையை மெல்ல மேலே இழுக்க வேண்டும். இழுப்பும் முறுக்கும் இணைந்து சென்றால் நூல் வரும். முறுக்கு மிகுந்தால் நூல் சுருண்டு கொள்ளும். குறைந்தால் அறுந்து விழும். பருத்தி இழை குட்டையானது. தக்ளியின் எடையைத் தொடக்கத்தில் அது தாங்காது. ஆகவே தக்ளியின் அடிமுனையை ஒரு கிண்ணத்திலோ கொட்டாங்கச்சியிலோ ஊன்றிச் சுழற்றுவது நலம்.

தலையணையிலுள்ள இலவம்பஞ்சைக் கொண்டு பழகலாம் என்று சிலர் எண்ணுவர். அது பயன்படாது. பருத்தி இழை முதிர்ந்து உலரும்போது தட்டையாகித் தானே முறுக்கிக் கொள்கிறது. அம்முறுக்கினால்தான் ஓரிழை மற்றோர் இழையைப் பற்றுகிறது. இலவம்பஞ்சின் இழையோ உள்ளே குழலாய், வெளியே மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாய் இருக்கும். ஒன்றையொன்று பற்றாமல் நழுவிவிடும். இலவு காத்த கிளியின் ஏமாற்றம் நமக்கு வேண்டாம்.

நம் ஊர்க் கடற்காற்றும் இவ்வேலைக்கு உதவும். ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி இழை வலுவடையும். வறண்ட காற்றில் எளிதில் அறும். ஆகவே வெயில் ஏறுமுன் காலையில் நூற்பது உகந்தது. நூற்றதைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளரக் கட்டி, கொதிநீரில் சிறிது சோப்பிட்டுக் காய்ச்சி, அலசி உலர்த்தினால் முறுக்கு நிலைத்து நிற்கும்.

தக்ளி கைவந்த பின் பெட்டி ராட்டைக்கு மாறலாம். அம்பர் ராட்டையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனை உருவாக்கியவர் நம் தமிழரான ஏகாம்பரநாதன். அவர் பெயரின் பகுதியே அதற்குப் பெயராக நிலைத்துவிட்டது. அது 1950-களில் நாடெங்கும் பரவிற்று.

பூனையின் செய்தி

இனிப் பூனைக்கு வருவோம். சுழலும் தக்ளியும் ஆடும் நூலும் பூனையின் கண்ணுக்கு இரையாகவே தோன்றும். அது பாய்வது குறும்பன்று, அதன் இயல்பு. ஆகவே அதை அடிப்பதிலும் விரட்டுவதிலும் பயனில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த சிறு முட்கள் உள்ளன. மயிரைக் கோதவும் எலும்பிலிருந்து தசையைச் சுரண்டவும் அவை உதவுகின்றன. ஆனால் வாயில் சிக்கிய நூலை வெளியே துப்ப அம்முட்களே தடையாகும். நூல் உள்ளேதான் செல்லும். அதன் ஒரு முனை நாவடியிலோ இரைப்பை வாயிலிலோ சிக்கிக் கொள்ள, மறுமுனை குடலினுள் இறங்கும். அப்போது சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தாற்போல் குடல் சுருங்கி மடியும். இறுகிய நூல் குடற்சுவரை அறுத்துவிடுவதும் உண்டு. உரிய நேரத்தில் அறுவை செய்யாவிடில் பூனை இறந்துபோகும்.

நமக்கு அறிமுகமான ஓர் இல்லத்தில் இது நிகழ்ந்தது. இரண்டு நாளாக உணவைத் தொடாமல் வாந்தியெடுத்த பூனையின் வாயில் நூல் முனை ஒன்று தென்பட்டது. பேரன் அதைப் பிடித்து இழுக்க முற்பட்டான். பாட்டியார் அவன் கையைத் தடுத்து, பூனையைக் கூடையிலிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டு சென்றார். அறுவைக்குப் பின் அது பிழைத்தது. இழுத்திருந்தால் குடல் கிழிந்திருக்கக் கூடும் என்று மருத்துவர் கூறினார்.

ஆகவே பின்வருவனவற்றை மனத்தில் கொள்க. நூல் முனை வாயிலோ ஆசனவாயிலோ தெரிந்தால் இழுக்கலாகாது. விளக்கெண்ணெய் முதலியவற்றைப் புகட்டலாகாது. மீண்டும் மீண்டும் வாந்தி, உணவு மறுத்தல், வாயில் நீரொழுகல், ஒடுங்கிக் கிடத்தல் ஆகியவற்றைக் கண்டால் நாளை பார்க்கலாம் என்று காத்திராமல் மருத்துவரை நாடுக. நம் நகருக்கு அருகே குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது என்பதையும் குறித்து வைத்துக் கொள்க.

வருமுன் காப்பது எளிது. நூற்க அமருமுன் பத்து நிமிடம் காகிதப் பந்தையோ துணிப்பந்தையோ உருட்டிப் பூனையை விளையாட விடுங்கள், பிறகு உணவிடுங்கள். விளையாடி உண்ட பூனை உறங்கிவிடும். நூலையும் பட்டையையும் மூடியுள்ள பிஸ்கட் டப்பாவில் வையுங்கள். அறுந்த துண்டு நூல்களைத் தரையில் விடாது தனி டப்பியில் சேருங்கள். ஊசியில் கோத்த நூலை ஒரு நொடியும் தனியே விட வேண்டாம். எழுந்து செல்லும்போது தக்ளியையும் டப்பாவினுள் இட்டுச் செல்லுங்கள். தவழும் குழந்தையுள்ள வீட்டிற்கும் இவ்விதிகள் பொருந்தும்.

பூனையின் மயிரையே நூற்கலாமா என்று கேட்போரும் உண்டு. நீண்ட மயிருள்ள பாரசீகப் பூனையைச் சீவிக் கிடைக்கும் மயிரை ஆட்டு மயிரோடு கலந்து நூற்பது இயலும். நம் நாட்டுப் பூனையின் மயிர் மிகக் குட்டை, பற்றாது. அது பருத்திப் பட்டையில் கலந்தால் நூல் கெடும்.

கதிரேந்திய புனிதர்

நூற்பையும் பூனையையும் ஒருங்கே நினைக்கும்போது, மார்ச் 17-ஆம் நாள் நினைவுகூரப்படும் நிவெல் நகர்ப் புனித ஜெர்த்ரூத் நம் கருத்தில் எழுகிறார். இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள நிவெல் மடத்தின் தலைவியாயிருந்து 659-இல் இறையடி சேர்ந்தவர் இவர். நவம்பரில் நாம் கொண்டாடும் பெரிய ஜெர்த்ரூத் வேறொருவர். பழைய ஓவியங்களில் நிவெல் ஜெர்த்ரூத் நூற்றுக் கொண்டிருப்பார். அவரது நூற்கோலின்மீது எலிகள் ஏறிக் கொண்டிருக்கும். உத்தரிக்கிற ஆன்மாக்களின் அடையாளமே அவ்வெலிகள் என்று விளக்குவர். அவரது விழாவோடு குளிர்கால நூற்பை நிறுத்தித் தோட்ட வேலையைத் தொடங்குவது ஐரோப்பிய உழவரின் வழக்கம்.

அண்மைக் காலத்தில் இவரைப் பூனைகளின் பாதுகாவலி என்றும் அழைக்கின்றனர். இது 1980-களுக்குப் பிறகு பரவிய மக்கள் வழக்கேயன்றித் திருச்சபையின் அறிவிப்பன்று. எலியிலிருந்து பூனைக்கு மக்கள் தாமே சென்றுவிட்டனர் போலும்! ஆயினும் கதிரும் பூனையும் உள்ள வீட்டில் இப்புனிதரின் படம் ஒன்று இருப்பது பொருத்தமற்றதாகாது.

நூற்றதைக் கொண்டு என்ன செய்வது?

முதலில் வரும் நூல் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். அதை வீசிவிட வேண்டாம். இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் உறுதியான கயிறாகும். செபப் புத்தகத்திற்கு அடையாளக் கயிறாகப் பயன்படும். கெட்டி அட்டையின் இரு ஓரங்களிலும் அரை அங்குலத்திற்கு ஒன்றாக வெட்டுவாய் அமைத்துப் பாவு கட்டினால் அதுவே சிறுதறி. பெரிய ஊசியில் நூல் கோத்து, ஓரிழை மேலும் ஓரிழை கீழுமாகச் செலுத்திச் சிறு விரிப்பையோ சுவரில் தொங்கவிடும் ஓவியத் துணியையோ நெய்யலாம். தடித்தும் மெலிந்தும் வந்த நூல் இங்கே குறையாகத் தோன்றாது; மலையும் அலையுமாக அழகு தரும். கடுக்காயில் தோய்த்து இரும்பு கலந்த நீரில் முக்கினால் கருமை கிடைக்கும். அவுரியில் நம் ஊரின் பழைய நீலம் கிடைக்கும். கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு ஒரு சிறு கம்பளமும் திரைச்சீலையும் நெய்ய, விடுமுறையில் வரும் பேரப்பிள்ளைகளைத் துணைக்கு அழைக்கலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தமிழகத்தின் ஆதாரக் கல்விப் பள்ளிகளில் தக்ளி நூற்கக் கற்றவர்கள் இன்று முதுமையை எட்டியவர்களாக இருப்பர். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அத்தகைய தாத்தாவோ பாட்டியோ இருப்பின், இம்மாதமே ஒரு தக்ளியை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். மறந்ததாக அவர்கள் நினைத்திருந்த வேலையை விரல்கள் நினைவில் வைத்திருக்கக் கூடும். பிள்ளைகளை அருகில் அமர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். நூல் வந்ததும், அதை நூற்றவரின் பெயரையும் நாளையும் ஒரு சீட்டில் எழுதிச் சிட்டத்தோடு கட்டி வையுங்கள்.